சாவியை எடுத்தும் நிற்காத புகை

குலசேகரத்துக்காரர்:

ரப்பர் பால்வெட்டுதான் நமக்குத் தொழில். விடியற்காலை மூன்றரைக்கெல்லாம் பேச்சிப்பாறைப் பக்கம் தோட்டத்துக்குக் கிளம்பியாக வேண்டும். வழியில் தெருவிளக்கு கிடையாது, மார்கழியில் மஞ்சு வேறு. பைக்கின் ஹெட்லைட் போதாமல் 20 வாட் எல்இடி விளக்கு இரண்டு வாங்கி ஒரு கடையில் மாட்டினேன். அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார்கள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம், ஒரு வளைவில் ஹேண்டிலைத் திருப்பும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை. டேங்குக்கு முன்னாலிருந்து புகை. பதறிப்போய்ச் சாவியை உருவிக் கையில் எடுத்துவிட்டேன். புகை நிற்கவில்லை! பேட்டரியிலிருந்து ஃப்யூஸே இல்லாமல் நேராக ஒயரை இழுத்திருக்கிறார்கள். வண்டியின் சொந்த ஃப்யூஸ் நல்லபிள்ளையாக அப்படியே இருந்தது. தன் வழியாகப் போகாத கரண்டை அது எப்படித் தடுக்கும்? சைடு பேனலைப் பிடுங்கி, பேட்டரியை ஒட்டிப் பால்வெட்டுக் கத்தியால் ஒயரை அறுத்தேன். உருகிய உறை விரலில் ஒட்டிக்கொண்டது. ஒரு சாண் மேலே பெட்ரோல்.

விடிந்ததும் பார்த்தால், ஹேண்டில் கழுத்தில் ஒயர் உரசி உரசிச் செம்பு தெரிகிறது. சுற்றியிருந்த கறுப்பு டேப் பிசுபிசுத்துக் கழன்று கிடந்தது.

இப்போது நானே மாட்டியிருக்கிறேன். பேட்டரி பாசிட்டிவை ஒட்டியே ஃப்யூஸ். இரண்டு விளக்கும் சேர்ந்து 40 வாட், 12 வோல்ட்டால் வகுத்தால் 3.3 ஆம்பியர், அதனால் 5 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். "15 போடுங்க, அடிக்கடி போகாது" என்றார் சாமான் விற்றவர். போகத்தானே ஃப்யூஸ்! அங்கிருந்து ரிலேயின் (துளிக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்; கால்களுக்கு எண் உண்டு) 30ஆம் காலுக்கு, 87இலிருந்து விளக்குக்கு. 85 எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேரும் பக்கம். 86க்குப் பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து ஹேண்டில் சுவிட்ச் வழியாக வருகிறது. சாவியை எடுத்தால் விளக்கும் அணையும். சுவிட்சில் போவதும் துளிக் கரண்ட்தான். ஒயர் முழுக்க ஸ்லீவ், ஜாயின்ட்டுகளில் சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்து, ஒயர் இழுபடவில்லை என்று தெரிந்த பிறகே பிளாஸ்டிக் டையால் ஒயரைக் கட்டினேன்.

குளச்சல்காரர்:

அண்ணே, நமக்குப் புகை இல்லை, மங்கல். அதிகாலையில் மீன் ஏலத்துக்குப் போகிற வண்டி. கடல்காற்றில் ஆறே மாதத்தில் ஒரு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. விளக்கை மாற்றினேன், சரியாகவில்லை. கடைசியில் பார்த்தால் எர்த்தை ஃப்ரேம் போல்ட்டில் பெயின்ட்டின் மேலேயே முறுக்கியிருக்கிறார்கள், பச்சையாகக் களிம்பு பூத்திருக்கிறது. நெகட்டிவையும் நேராகப் பேட்டரிக்கே கொண்டுபோய், முனைகளில் வாசலின் தடவினேன். இன்னொன்று, பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் எடுங்கள். நான் பாசிட்டிவில் கைவைத்தேன், ஸ்பேனர் ஃப்ரேமில் இடித்துப் பொறி பறந்தது.

களியக்காவிளைக்காரர்:

ஒயரிங் எல்லாம் சரி, விளக்கு எங்கே பார்த்து எரிகிறது? எதிரே வந்த பஸ்காரர் வண்டியை நிறுத்தி, "மக்கா, எனக்கு ரோடே தெரியல்ல, கேட்டியா?" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றைக்கு ராத்திரியே சுவருக்குப் பத்தடி தள்ளி நிறுத்தி, வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கீழே விழும்படி சாய்த்தேன். எதிரே வண்டி வந்தால் சுவிட்சை அணைத்தும் விடுவேன். அதே பஸ் இப்போதும் வருகிறது. ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போகிறார்.