பாட்டியின் வளையல் பதித்த கண்ணாடித் தட்டு மூன்றாம் நாள் உடைந்துவிட்டது, எங்கே தவறு?

கேள்வி: கோவை மாடிச்சூளை

வணக்கம். ஆறு மாதமாக மொட்டை மாடி அறையில் ஒரு சின்ன மின்சூளை வைத்துக் கண்ணாடி உருக்கிப் பழகுகிறேன். உள்ளளவு 12 அங்குலம். மண்பாண்டத்துக்காக வாங்கியது என்பதால் சூடேற்றும் கம்பிச்சுருள் (காயில்) பக்கச் சுவர்களில்தான் இருக்கிறது, மூடியில் இல்லை.

பாட்டி போன பிறகு அவர் பெட்டியிலிருந்து நிறைய கண்ணாடி வளையல் கிடைத்தது. பாதிக்கு மேல் உடைந்தவை. அம்மாவுக்கு அதில் ஒரு தட்டு செய்து கொடுக்க ஆசைப்பட்டேன். கடையில் 4 மி.மீ. ஜன்னல் கண்ணாடி வாங்கி 20 செ.மீ. சதுரமாக இரண்டு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேலே சிவப்பும் பச்சையுமாக வளையல் துண்டுகளை அடுக்கினேன். 820 டிகிரி வரை ஏற்றி, 10 நிமிடம் நிறுத்திவிட்டு சுவிட்சை அணைத்தேன். காலையில் எடுத்தபோது நன்றாகவே இருந்தது. மூன்றாம் நாள் இரவு அலமாரியில் 'டக்' என்று ஒரு சத்தம். யாரும் தொடவில்லை. போய்ப் பார்த்தால் இரண்டாகக் கிடக்கிறது. மேல்பரப்பில் பால் படிந்த மாதிரி ஒரு மங்கலும் இருக்கிறது.

இன்னும் இரண்டு கைப்பிடி வளையல் மிச்சம். அதையும் வீணாக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சேலம் வாசகர்

அனீலிங் செய்யாமல், அதாவது குறிப்பிட்ட சூட்டில் நிறுத்தி மெதுவாக ஆறவைக்காமல், அணைத்ததுதான் காரணம். ஜன்னல் கண்ணாடி என்றால் 550 டிகிரியில் ஒரு மணி நேரமாவது நிறுத்த வேண்டும். உள்ளே எல்லா இடமும் ஒரே சூட்டுக்கு வந்து, இறுக்கம் தளர அதுதான் நேரம். சின்ன சூளை அந்தச் சூட்டை வேகமாகக் கடந்து இறங்கிவிடும்.

பதில்: மதுரை கண்ணாடிப்பட்டறை

சேலம் நண்பர் சொன்னது சரி. ஆனால் அது பாதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தங்கச்சி, உடைந்த துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, உடைந்த விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, மழுங்கி உருண்டிருக்கிறதா? இரண்டாவது, விரிசல் எந்த வழியாகப் போகிறது? (கையுறை போட்டுக்கொண்டு பாருங்கள்.)

கோவை மாடிச்சூளை

கூர்மையாகத்தான் இருக்கிறது அக்கா. விரிசல் ஒரு ஓரத்தில் ஆரம்பித்து, சிவப்பு வளையல் துண்டுகளின் விளிம்பை ஒட்டியே வளைந்து வளைந்து போகிறது. பச்சையிடமும் அப்படியே.

மதுரை கண்ணாடிப்பட்டறை

நினைத்தேன். சூடேறும்போது உடைந்திருந்தால் பிறகு 800 டிகிரியில் விளிம்பு உருகி மழுங்கியிருக்கும். கூர்மை என்றால் இறங்கும்போதோ, இறங்கிய பிறகோ உடைந்தது. அனீலிங் மட்டும் போதாமல் உடைந்த தட்டில் விரிசல் பெரும்பாலும் நிறத்தைப் பொருட்படுத்தாமல் குறுக்கே ஓடும், முனையில் கொக்கி மாதிரி வளையும். நிறத்தின் விளிம்பை ஒட்டியே போனால் அந்த இரண்டு கண்ணாடியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். பதினொரு வருடத்தில் நான் இழந்ததில் முக்கால்வாசி இந்த வகைதான். அதில் ஒரு கல்யாணத் தட்டும் உண்டு, அதை இன்னும் மறக்க முடியவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடி ஒரு டிகிரிக்குச் சுமார் கோடியில் 85 பங்கு நீளும், சுருங்கும். சி.ஓ.இ. என்று சொல்கிற எண் அதுதான். உருக்கு வேலைக்கென்றே வரும் புல்ஸ்ஐ கம்பெனிக் கண்ணாடிக்கு 90, ஓஷன்சைடு கம்பெனிக்கு 96, சூடு தாங்கும் போரோசிலிக்கேட் கண்ணாடிக்கு 33. வளையல் கண்ணாடிக்கு யாரும் எண் எழுதித் தருவதில்லை. 10 எண் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 500 டிகிரி இறங்குவதற்குள் 20 செ.மீ. நீளத்தில் 0.1 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். கண்ணாடிக்கு அது தாங்க முடியாத இழுப்பு. எவ்வளவு மெதுவாக ஆறவைத்தாலும் அந்த இழுப்பு போகாது, உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் மூன்றாம் நாள் உடைந்தது.

எண் ஒன்றாக இருந்தால் போதும் என்றும் நம்பிவிடாதீர்கள். சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருந்து எப்போது இறுகுகிறது என்பதும் சேர்ந்துதான் பொருத்தம் அமைகிறது. ஆகவே சோதனைதான் வழி. உங்கள் ஜன்னல் கண்ணாடியில் 3 செ.மீ. அகலப் பட்டை வெட்டி, இடைவெளி விட்டு ஒவ்வொரு நிற வளையலிலும் ஒரு சின்னத் துண்டு வையுங்கள். உருக்கி, ஒழுங்காக அனீல் செய்யுங்கள். பிறகு லேப்டாப்பில் வெள்ளைத் திரையைத் திறந்து பட்டையை அதன்மேல் பிடித்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள். கூலிங் கிளாஸைச் சுழற்றத் திரை கறுப்பாகும் ஒரு நிலை வரும். அப்போது துண்டைச் சுற்றி வெள்ளையாக ஒளி தெரிந்தால் இழுப்பு இருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் பொருந்துகிறது. ஓரத்தில் ஒரு துண்டு அதே ஜன்னல் கண்ணாடியிலிருந்து வையுங்கள். அதைச் சுற்றியும் ஒளி தெரிந்தால் அனீலிங்தான் போதவில்லை.

பால் மாதிரி மங்கல், மேல்பரப்பு படிகமாக மாறுவதால் வருவது. ஜன்னல் கண்ணாடிக்கு இந்தக் குணம் அதிகம். 700 டிகிரிக்கு மேல் ஏறும்போதும் இறங்கும்போதும் தாமதிக்காமல் கடந்துவிடுங்கள், கட்டர் எண்ணெயும் விரல் ரேகையும் இல்லாமல் கழுவுங்கள்.

இரண்டு 4 மி.மீ. சேர்ந்தால் 8 மி.மீ. உருகிய கண்ணாடி தானாகவே சுமார் 6 மி.மீ. தடிமனுக்கு வரப் பார்க்கும், அதனால் உங்கள் சதுரம் பரவியிருக்கும். சூளைக்குள் கண்ணாடி வைக்கும் ஷெல்ஃபில் கில்ன் வாஷ் (கண்ணாடி ஒட்டாமலிருக்கப் பூசும் கலவை) விளிம்பு வரை பூசுங்கள். 550இல் ஒன்றரை மணி நேரம், பிறகு மணிக்கு 50 டிகிரி வீதம் 430 வரை. அதற்கப்புறம் 100 வீதம் இறக்கலாம். பக்கக் காயில் என்பதால் ஓரம் முதலில் சூடாகும், ஏற்றும்போதும் 550 வரை மணிக்கு 100க்கு மேல் போகாதீர்கள்.

பதில்: நெல்லை

ஒரு விஷயம் சேர்க்கிறேன். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளைப் பார்த்துவிட்டுச் சூளையைப் போடுங்கள். அனீலிங் நடுவில் கரண்ட் போனால் மூடியைத் திறக்கவே கூடாது. வந்ததும் மெதுவாக 550க்கு ஏற்றி அனீலிங்கை முதலிலிருந்து செய்தால் பெரும்பாலும் தப்பிக்கும்.

கோவை மாடிச்சூளை (இரண்டு வாரம் கழித்து)

அக்கா, ஏழு நிறம் வைத்துச் சோதித்தேன். ஏழு துண்டுகளைச் சுற்றியும் வெள்ளை ஒளி, சிவப்புக்கு ரொம்ப அதிகம். ஜன்னல் கண்ணாடித் துண்டைச் சுற்றி ஒன்றுமில்லை. அப்படியானால் வளையலை விட்டுவிட வேண்டியதுதானா?

மதுரை கண்ணாடிப்பட்டறை

விடவேண்டாம். ஜன்னல் கண்ணாடியோடு சேர்க்காதீர்கள், அவ்வளவுதான். ஒரே நிற வளையல் ஒரே தொகுதியாக இருந்தால் தன்னோடு தானே பொருந்தும். முதலில் அரக்கு வளையலைப் பிரித்துவிடுங்கள், அது கண்ணாடியே இல்லை. மீதியில் சிவப்பை மட்டும் எடுத்து உடைத்து, பிளாஸ்டர் பாதி, சிலிக்கா மாவு பாதி எடைக்கு எடை சேர்த்துச் செய்த அச்சில் நிரப்பி, 750 டிகிரி பக்கம் உருக்குங்கள். சிலிக்காத் தூசிக்கு என்95 முகக்கவசம் கட்டாயம். இதன் அனீலிங் சூடு நமக்குத் தெரியாது, அதனால் 560இலிருந்து 400 வரை மணிக்கு 20 டிகிரி வீதம் இறக்குங்கள். மேலே இருக்கும் ஜரிகைப் பொன்பூச்சு சூட்டில் போய்விடும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். முதல் முறை உள்ளங்கை அளவு ஒரு இலை மாதிரி செய்யுங்கள். சாப்பாடு வைக்க வேண்டாம், நிறத்தில் என்ன சேர்த்தார்களோ தெரியாது.

தட்டுக்கு வண்ணம் வேண்டுமென்றால் இரண்டு ஜன்னல் கண்ணாடிக்கு நடுவில் மெல்லிய செப்புத் தகடு வைத்துப் பாருங்கள், சிவப்பும் நீலப்பச்சையுமாக வரும். இரண்டு கண்ணாடியையும் ஒரே ஷீட்டிலிருந்து வெட்டுங்கள்.

கோவை மாடிச்சூளை

சிவப்பு மட்டும் 210 கிராம் தேறியது அக்கா. ஞாயிற்றுக்கிழமை அச்சு ஊற்றுகிறேன். ஒரு பச்சை வளையல் முழுசாக இருக்கிறது, அதை அம்மா கையில் போட்டுக்கொண்டார்.