இருக்கும் துணியிலேயே தீபாவளி: ஐந்து பேருக்கு எப்படி ஒப்பேற்றுவது?

நீடாமங்கலம் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் ஜவுளி எடுப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. குறுவை அறுத்த பணம் சம்பா நடவுக்கும் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கும் சரியாகப் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பீரோவைத் திறந்தால் துணி காலில் விழுகிறது, இன்னும் எதை வாங்கி எங்கே திணிப்பது? ஆனால் ஐந்து பேரும் வாசலில் நின்றால் பண்டிகைக்கு உடுத்தியவர்களாகத் தெரிய வேண்டும். கொடியில் கிடந்ததை எடுத்து மாட்டியவர்களாகத் தெரியக் கூடாது. அதற்குத்தான் யோசனை கேட்கிறேன்.

இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். என் கல்யாணப் புடவை திருபுவனம் பட்டு. அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை. புடவைக்கு ஒரு குறையும் இல்லை. ரவிக்கைதான் 2006-ஆம் ஆண்டின் உடம்புக்குத் தைத்தது. அம்மாவின் மயில்கழுத்து நிறப் பட்டு ஒன்று இருக்கிறது. உடல் மடிப்புக்கு மடிப்பு விட்டுப்போய்விட்டது, அரக்குக் கரையும் முந்தானையும் மட்டும் கெட்டி. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கைத்தறிப் பருத்திப் புடவையும் உண்டு. பெண்ணிடம் மஞ்சள் நீராட்டுக்கு எடுத்த மஞ்சள் பட்டுப் பாவாடையும் அரக்குத் தாவணியும் இருக்கின்றன. பாவாடை இப்போது கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடை ஏறி நிற்கிறது. பையனுக்கு ஒன்பது வயது, போன வருடத்துச் சட்டை ஒன்றும் தோளில் ஏறவில்லை. கணவரிடம் வேட்டிக்குப் பஞ்சமில்லை. அரக்குக் கரை போட்ட எட்டு முழ வேட்டிகூட இரண்டு கிடக்கின்றன, எல்லாம் பழுப்பேறியவை. மாமியாரிடம் நல்ல புடவைகள் இருக்கின்றன, அவருடைய கவலை வேறு. "கோடி இல்லாமல் மஞ்சளை எதில் வைப்பது?" என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார்.

கடைத்தெருவில் தையல்காரர்கள் தீபாவளி உருப்படி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். என்னிடம் மிதி மெஷின் இருக்கிறது, நேர்த்தையல் வரும். அதற்குள் முடிகிற வேலையாகச் சொல்லுங்கள்.

ஊசிமுனை, கும்பகோணம்:

மருமகளே, நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அரக்கு என்ற நிறத்தை எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்! உங்கள் புடவை, அம்மா புடவைக் கரை, தாவணி, வேட்டிக் கரை. முப்பது வருடமாகத் துணி வெட்டுகிறவள் சொல்கிறேன், பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. ஐந்து பேர் மேலும் ஒரே நிறம் எங்காவது ஓரிடத்தில் வந்துவிட்டால் போதும். இருப்பதை உடுத்தினார்கள் என்று யாருக்கும் தோன்றாது, யோசித்து எடுத்தார்கள் என்றுதான் தோன்றும். ஐவரும் ஒரே துணியில் ஒரே மாதிரி நிற்பது எனக்குப் பிடிக்காது, அது பேண்டு வாத்தியக் கோஷ்டிக்குச் சரி. மாமியாருக்கு எந்தப் புடவை வேண்டுமானாலும் இருக்கட்டும், ரவிக்கை மட்டும் அரக்கில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதலில் உங்கள் ரவிக்கை. திருப்பிப் போட்டு இரண்டு பக்கத் தையலையும் பாருங்கள். அந்தக் காலத்தில் கல்யாண ரவிக்கைக்கு உள்ளே ஒரு அங்குலமாவது துணி விட்டுத்தான் தைப்போம். பக்கத்துக்கு முன்துணியில் அரை, பின்துணியில் அரை என்று விட்டால் மொத்தம் இரண்டு அங்குலம் கிடைத்துவிடும். பழைய தையலை இழுத்துப் பிரிக்காதீர்கள், பட்டு கிழிந்துவிடும். நான்கு தையலுக்கு ஒன்றாக நூலை வெட்டிவிட்டு மறுபுறத்திலிருந்து உருவுங்கள். உள்ளே இருந்த பட்டு வெயில் படாததால் நிறம் அடர்த்தியாகத் தெரியும், அது கைக்கு அடியில் மறைந்துவிடும், கவலை வேண்டாம். புதுத் தையலைப் போட்ட பிறகே பழையதைப் பிரிக்க வேண்டும். பிரித்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தால் அளவு ஓடிவிடும்.

அக்குளில் பிடித்தால் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைப்பதுண்டு, ஆனால் நேர்த்தையல்காரர்களுக்கு அது வேண்டாம். அந்த நிலைமை வந்தால் ரவிக்கையை விட்டுவிட்டுக் கிளிப்பச்சையில் உங்களிடம் உள்ள வேறு ரவிக்கையைப் போடுங்கள். கரைக்குப் பொருந்தினால் போதும், புடவை உடலின் நிறத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது கடைக்காரர்கள் கிளப்பிவிட்ட பழக்கம்.

பாவாடைக்கு, அம்மா புடவையின் கரையை எடுத்து அடியில் ஒட்டுப் போடுங்கள். கரையை மட்டும் கத்தரிக்காமல் இரண்டு விரல் உடல் துணியோடு சேர்த்து வெட்டுங்கள், பட்டு பிரியாமல் இருக்கும். அடியில் மெல்லிய பருத்தி லைனிங் கொடுங்கள். லைனிங்கை முதலில் நனைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கிக் கரையைச் சுருக்கிவிடும்.

பையனுக்கு எட்டு முழ வேட்டியில் ஒன்றைப் பாதியாக வெட்டுங்கள், ஒரு நாலு முழம் போதும். அகலம் ஐம்பது அங்குலம் வரை இருக்கும், அவனுக்கு முப்பது தேவைப்படலாம். மீதி இருபதையும் கரையோடு நீளவாக்கில் வெட்டி ஓரம் அடித்தால் அவனுக்கே ஒரு அங்கவஸ்திரம். ஒரே வேட்டியில் இரண்டு உருப்படி! இடுப்பில் நாடாவோ எலாஸ்டிக்கோ வைத்துவிடுங்கள், அவன் மத்தாப்போடு ஓடுகிற ஓட்டத்துக்கு முடிச்சு நிற்காது. சட்டைதான் யோசிக்க வேண்டும்.

தறிமேடை, திருபுவனம்:

ஊசிமுனை அக்கா சொன்னதில் ஒரு இடத்தில் கையைப் பிடித்து நிறுத்துகிறேன். அம்மா புடவையை வெட்டுவதற்கு முன் ஜரிகையை ஒரு இழை பிரித்துப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் வந்தால் அது வெள்ளி ஜரிகையாக இருக்கக்கூடும். அப்படியானால் ஒரு பக்கக் கரையை மட்டும் எடுங்கள். முந்தானையையும் மறுகரையையும் தொடாதீர்கள். தெருவில் பழைய பட்டு வாங்க வருகிறவர்களிடம் விலை பேசவும் வேண்டாம். எடை போட்டுத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கல்யாணப் புடவையை இன்றே எடுத்து உதறி நிழலில் விரியுங்கள். எங்கள் ஊரில் விசிறி மடிப்பாக மடித்துக் கொடுப்போம். எங்கள் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2019-இல்தான் வந்தது, மடிப்பு அதற்கு வெகு காலம் முன்பே வந்தது. பார்க்க அழகுதான். ஆனால் அதே மடிப்பில் வருடக்கணக்காகக் கிடந்தால் மடிப்பிலேயே இழை அறும். அம்மா புடவைக்கு நேர்ந்தது அநேகமாக இதுதான். ஜரிகையின் மேல் நேராகப் பெட்டி போடாதீர்கள். மெல்லிய வேட்டித் துணியை மேலே போட்டுத் தேயுங்கள். இனிமேல் டிரைவாஷுக்குக் கொடுத்தால் கார்த்திகைக்குத்தான் வரும்.

நெசவாளி வீட்டுப் பிள்ளை புதுப்புடவை வாங்கு என்றல்லவா சொல்ல வேண்டும் என்று கேட்காதீர்கள். நாங்கள் நெய்தது பீரோவில் கிடந்து அறுவதைவிடக் கட்டிக் கிழிவது மேல்.

துலாக்கட்டம், மயிலாடுதுறை:

ஆண்கள் பக்கமும் ஒருவர் பேச வேண்டும். பழுப்பு வேட்டிக்குச் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் ஒரு இரவு ஊறல் போதும். அதற்கு முன் ஈரத்துணியால் கரையைத் தேய்த்துப் பாருங்கள். அரக்கு ஒட்டினால் அந்த வேட்டியை வெந்நீரில் போடவே கூடாது. சொட்டு நீலத்தை வாளித் தண்ணீரில் கலக்கிய பிறகு வேட்டியை முக்குங்கள். துணி மேல் விட்டால் திட்டுத்திட்டாக நிற்கும்.

கஞ்சியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சாதம் வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி நீர்க்கக் கரையுங்கள். ஐப்பசியில் கெட்டிக் கஞ்சி போட்டால் காயாமல் புளித்த வாடை வரும், பிறகு எந்தச் சென்ட்டும் உதவாது. வெயில் தலை காட்டுகிற நாளில் முடித்துவிடுங்கள். இல்லையென்றால் மின்விசிறிக்கு அடியில் போட்டு, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே தேய்த்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் தம் கல்யாணப் பட்டு வேட்டியை ஒருமுறை கட்டியதோடு சரியாக இருப்பார், எல்லோரும் அப்படித்தான். சாயந்தரம் கோயிலுக்கு அதைக் கட்டச் சொல்லுங்கள்.

ஐயாற்றுப் பாட்டி:

குழந்தாய், உன் மாமியார் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அவளைச் சிரித்துத் தள்ளிவிடாதே. கோடி வீட்டில் இல்லை என்று யார் சொன்னது? இப்போதுதான் நவராத்திரி முடிந்திருக்கிறது. கொலுவுக்குப் போன இடத்திலெல்லாம் வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துண்டு கொடுத்திருப்பார்களே, அதையெல்லாம் என்ன செய்தாய்? அடுத்த வருடம் வேறு வீட்டுக்குத் தள்ளிவிட வைத்திருப்பாய். நானும் அப்படித்தான், நான்கு வருடம் ஊர் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வந்த துண்டுகூட உண்டு. தைக்காத துண்டு, தண்ணீர் படாத துண்டு, அதுதான் கோடி. ஆளுக்கு ஒன்று எடுத்து முனையில் மஞ்சள் தடவிச் சுவாமி முன்னால் வை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்ததும் மாமியார் கையால் ஆளுக்கு ஒன்று கொடுக்கச் சொல். அதைத் தைத்து உடுத்தினால் இன்னும் விசேஷம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். விடியற்காலையில் வெடி வெடிக்கும்போது எல்லோரும் பருத்தியில் இருக்க வேண்டும். உன் கத்தரிப்பூப் புடவை அந்த நேரத்துக்கு. பட்டையும் தாவணியையும் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலையில் எண்ணெய் வாசனை போவதற்குள் பட்டைக் கட்டினால் கழுத்தோரம் கறை ஏறும், அது வேறு.

ஊசிமுனை, கும்பகோணம்:

பாட்டி, கும்பிடுகிறேன். பையனின் சட்டைக்கு வழி கிடைத்துவிட்டது.

மருமகளே, அந்தத் துண்டுகளில் பருத்தி எது என்று பாருங்கள். ஓரத்தில் ஒரு நூலை உருவி முற்றத்தில் வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு கடுகளவு உருண்டையாக இறுகினால் பாலியஸ்டர். உருகுகிற துணி தீப்பொறி பட்டால் தோலில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே பிள்ளைக்கு அது வேண்டாம். துண்டு எண்பது சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அகலம் ஒரு மீட்டருக்கு நெருக்கமாக இருந்தால் ஒன்பது வயதுப் பையனுக்கு அரைக்கை ஜிப்பா வரும். முன்னும் பின்னும் அகலவாக்கில் பக்கம்பக்கமாக, கீழே மிஞ்சுகிற பட்டையில் இரண்டு கைகள். அவனுடைய பழைய சட்டை ஒன்றை மேலே விரித்துச் சுற்றிலும் இரண்டு விரல் கூட்டி வரையுங்கள்.

நீடாமங்கலம் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. டிரங்குப் பெட்டியில் துண்டுகள் ஒரு கட்டாகவே இருந்தன. முக்கால்வாசி உருண்டையாக உருகியவை, பருத்தி நான்குதான் தேறின. அதில் சந்தன நிறம் பையனுக்கு. அரக்கில் ஒன்று கிடைத்ததை மாமியார் யாரிடமும் கேட்காமல் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டார். ரவிக்கையில் உள்துணி முக்கால் அங்குலம் இருக்கிறது, அரை அங்குலம் விடலாம் என்று நினைக்கிறேன். தறிமேடை சொன்னபடி ஜரிகையைப் பிரித்தேன், சிவப்பு நூல்தான். ஒரு கரையை மட்டும் எடுக்கிறேன், மீதி அம்மாவுக்கு.

அக்கா, ஒரே சந்தேகம். ஜிப்பாவுக்குக் கழுத்து எவ்வளவு திறக்க வேண்டும்? பித்தான் துளை போட எனக்கு வராது.

ஊசிமுனை, கும்பகோணம்:

பித்தானே வேண்டாம். முன்பக்கம் நடுவில் நான்கு அங்குலம் நேராகக் கீறி, இரண்டு ஓரத்திலும் பட்டி வைத்துத் தைத்துவிடுங்கள். துணியில் கத்தரி வைக்கும் முன் செய்தித்தாளில் கழுத்தை வெட்டி அவன் தலை வழியாக நுழைத்துப் பாருங்கள். காதைத் தாண்டி இறங்கினால் அந்த அளவு சரி. முக்கால் அங்குல உள்துணியில் அரை விடலாம், ஆனால் ஓரத்தைக் கையால் பொதிந்து தைத்துவிடுங்கள்.