ஒத்தை சீட் விமானத்துக்கு மாருதி 800 இன்ஜினா, பழைய ரோட்டாக்ஸ் 503-ஆ?

திருமங்கலத்தான்:
டியூப் ஃப்ரேம், துணி இறக்கை. 35–40 குதிரைத்திறன் வேணும். காயலாங்கடையில கார்புரேட்டர் மாடல் மாருதி 800 இன்ஜின் இருக்கு, விலை மலிவு. சின்ன விமானத்துக்குன்னே வந்த ரெண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், பழைய ரோட்டாக்ஸ் 503 ஒண்ணும் விலைக்கு வருது, ஆனா பல மடங்கு சொல்றாங்க. எதை எடுக்கலாம்?

லேத் பட்டறை:
தம்பி, மாருதி 796 சிசி, மூணு சிலிண்டர், 5000 ஆர்பிஎம்-ல 37 குதிரை. 1.5 மீட்டர் புரொப்பெல்லரை அந்த வேகத்துல நேரா சுத்தினா நுனி ஒலி வேகத்தையே தாண்டிடும். சத்தம்தான் மிஞ்சும், இழுவை வராது. அதனால பாதியா குறைக்கணும். 8 மி.மீ. பிட்ச் பல் பெல்ட், அகலம் 50 மி.மீ.க்குக் குறையாம, கீழே கிராங்க் புல்லிக்கு 36 பல், மேலே புரொப்பெல்லர் புல்லிக்கு 72. மதுரையில கப்பலூர், கே.புதூர் பக்கம் லேத்துல புல்லி கடைஞ்சு வாங்கிடலாம்.

புரொப்பெல்லர் ஷாஃப்டுக்குத் தனி பேரிங் வைங்க, இழுவை கிராங்க் மேல ஏறவே கூடாது. எடை குறையுதுன்னு ஃப்ளைவீலைக் கழட்டிடாதீங்க. மூணு சிலிண்டர் உதறலை அதுதான் விழுங்குது. அது போனா பெல்ட் பல்லு சிதையும், கிராங்க் போல்ட்டு தளரும். டைமிங் பெல்ட்டை யோசிக்காம மாத்திடுங்க. ரேடியேட்டர், தண்ணி, பேட்டரி எல்லாம் சேர்த்து தராசுல வைச்ச பிறகு முடிவு பண்ணுங்க. மலிவு அங்கதான் கரையுது.

ரெண்டு ஸ்ட்ரோக்:
அண்ணன் சொல்றது சரி, ஆனா நான் 503 பக்கம்தான். கியர்பாக்ஸோட வரும், காத்துலயே குளிரும். 2011-லயே தயாரிப்பு நின்னுபோச்சு, அதனால பார்த்து வாங்கணும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழட்டி டார்ச் அடிச்சு பிஸ்டன் பக்கவாட்டைப் பாருங்க. செங்குத்தா கோடு விழுந்திருந்தா ஒருதரம் சீஸ் ஆனது, அதாவது பிஸ்டன் சிலிண்டர்ல இறுகிப் பிடிச்சது. ரெண்டு சிலிண்டர் கம்ப்ரஷனும் 10 சதவீதத்துக்குள்ள ஒத்துப்போகணும். அடுத்து இன்டேக், எக்ஸாஸ்ட் வாயை அடைச்சு 0.4 பார் காத்து ஏத்துங்க. கேஜ் முள்ளு இறங்கினா கிராங்க் சீல் கசியுது. அந்த வழியா காத்து உள்ள போய், கலவை மெலிஞ்சு, பிஸ்டன் பிடிச்சுக்கும். சும்மா கிடந்த இன்ஜின்னா கிராங்கை மெதுவா கையால சுத்துங்க. கரகரன்னா துரு, விட்டுடுங்க.

திருமங்கலத்தான்:
நன்றிண்ணே. பங்க்ல கிடைக்கிற பெட்ரோலை 503 தாங்குமா?

ரெண்டு ஸ்ட்ரோக்:
இப்ப வர்றது இ20, 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அளவு ஜாடியில 10 மி.லி. தண்ணி ஊத்தி, மேல 100 மி.லி. பெட்ரோல் விட்டுக் குலுக்கிப் பாருங்க. எத்தனால் தண்ணியோட சேர்ந்து, கீழ்மட்டம் 30 பக்கம் ஏறும். டேங்க்ல ஈரம் சேர்ந்தாலும் இதேதான். பெட்ரோல்ல கலந்து விடுற 2டி ஆயில் மேல நிக்கிற பெட்ரோலோட இருந்துடும், கீழ இருந்து இழுக்கிற பைப்புக்கு ஆயில் இல்லாத எத்தனால் தண்ணிதான் போகும். அதனால பறந்து முடிஞ்சதும் டேங்க்கை வடிச்சிடுங்க. பழைய ரப்பர் ஹோஸை மாத்துங்க. எத்தனால் கலவையை மெலிய வைக்கும். கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற மெயின் ஜெட்டை ஒரு அளவு பெருசாக்கி, எக்ஸாஸ்ட் வெப்பம் 650 டிகிரியைத் தாண்டாம பாருங்க. ஃபுல் த்ராட்டில்ல மட்டும் பார்த்தா பத்தாது, பாதி த்ராட்டில்ல இறங்கும்போதுதான் சூடு எகிறும்.

லேத் பட்டறை:
எதை எடுத்தாலும் வாலை புளியமரத்துல கட்டி, நடுவுல ஸ்பிரிங் தராசு மாட்டி, இன்ஜினை முழுசா ஓட்டி இழுவையைப் பாருங்க. 37 குதிரைக்கு 90–100 கிலோ காட்டணும். காலை ஏழு மணிக்குப் பார்த்த கணக்கை மத்தியானத்துக்கு நம்பாதீங்க. நம்ம ஊரு 38 டிகிரி வெயில்ல காத்து அடர்த்தி, 15 டிகிரிக்குப் போடுற புஸ்தகக் கணக்கைவிட ஏழெட்டு சதவீதம் குறைவு, இன்ஜினும் அதே அளவு இளைக்கும். மரத்துல கட்டுறது உங்க தோட்டத்தோட சரி. சக்கரம் தரையை விடுறதுக்கு முன்னாடி டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதி கையில இருக்கணும்.