உப்புக்கு ஏங்கிய கடைசி உயிர்

உருமாறி வேட்டையாடும் வேற்றுக்கிரக உயிர்களில் உங்களை உலுக்கியது எது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொடரின் 'தி மேன் டிராப்' எபிசோடில் வருவதுதான். அமெரிக்காவில் 1966 செப்டம்பர் 8 அன்று என்பிசி தொலைக்காட்சியில் அந்தத் தொடர் தொடங்கியதே இந்த எபிசோடில்தான். நான் பார்த்தது போன வருடம், ஒரு ராத்திரி, தனியாக.

எம்-113 என்ற கிரகத்தில் ஆராய்ச்சியாளர் கிரேட்டரும் மனைவி நான்சியும் மட்டும் இருக்கிறார்கள். விண்வெளிக் கப்பலிலிருந்து மூன்று பேர் அங்கே போகிறார்கள். டாக்டர் மெக்காய்க்கு நான்சி பல வருடம் முன்பு பார்த்த அதே இளம் காதலி. கேப்டன் கிர்க் கண்ணுக்கு வயதான பெண். மூன்றாவது ஆளுக்கோ வேறு யாரோ. நிஜ நான்சி எப்போதோ செத்துவிட்டாள். அவள் உருவில் நிற்பது, மனித உடம்பிலிருந்து உப்பை உறிஞ்சும் ஒரு பிராணி.

பயந்துகொண்டேதான் பார்த்தேன், சாப்பாட்டுத் தட்டு வரும் இடம் வரைக்கும். செத்தவன் ஒருவனின் உருவத்தில் அது கப்பலுக்குள் திரிகிறது. ஒரு பெண் தட்டு எடுத்துக்கொண்டு நடக்கிறாள், அதில் ஒரு உப்புக் குப்பி. அது பின்னாலேயே போகிறது. கண் குப்பியை விட்டு நகரவில்லை. அந்த முகத்தில் கொலைவெறி இல்லை, பசிதான். தன் இனத்தில் அதுதான் கடைசி. பூமியில் ஒரு காலத்தில் கூட்டம்கூட்டமாக இருந்து அருகிப்போன காட்டெருமைகளைச் சொல்லி கிரேட்டர் அதற்காக வாதாடும்போது நான் அவர் பக்கம்தான் இருந்தேன். அது நாலைந்து பேரைக் கொன்றதும் உண்மை, அதையும் மறக்க முடியவில்லை. கடைசியில் அது கிர்க்கைத் தாக்கும்போது சாம்பல் நிறத்தில் சுருக்கம் விழுந்த சொந்த உருவம் தெரிகிறது, மெக்காய் சுடுகிறார். அப்புறம் மறுபடி நான்சியாகி அவரிடம் கெஞ்சுகிறது. அவர் இன்னொரு முறை சுடுகிறார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

*

மேலே இன்னொருவர் எழுதியதில் அந்த உப்புக் குப்பியைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. இரண்டு வருடம் முன்பு அப்பாவுக்கு ரத்தத்தில் உப்பு, அதாவது சோடியம், இறங்கி நினைவு குழம்பிவிட்டது. 135-க்குக் குறையக் கூடாது என்பார்கள், அவருக்கு 116. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பக்கா வந்தே, சாப்பிட்டியா?" என்று கேட்டார். அத்தை இறந்து எட்டு வருடம் ஆகிறது. என் முகத்தில் அவருக்கு அக்கா தெரிந்தாள். "சாப்பிட்டேன்டா" என்று சொல்லிவிட்டேன், வேறு வழி தெரியவில்லை. சலைனை, அதாவது உப்பு நீரை, மெதுவாகத்தான் ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்தாம். மூன்றாம் நாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

இந்த எபிசோடை அதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். போன மாதம் மறுபடி பார்த்தபோது, நான்சியை மெக்காய் முதலில் பார்க்கும் இடத்திலேயே நிறுத்திவிட்டேன். அன்று அப்பா என்னைப் பார்த்ததும் அதே மாதிரிதான்.