கணினி விண்டோஸுக்குள் போகவில்லை. உள்ளே இருக்கும் தமிழ்ப் பாடங்களையும் ஒலிப்பதிவுகளையும் எடுக்க வழி உண்டா?

மோல்மேன் டீச்சர்:
வணக்கம். இங்கே மியான்மரின் மோல்மேனில், கோயில் கூடத்தில் கோடைத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். ஜூனில் பர்மியப் பள்ளி திறந்துவிட்டால் பிள்ளைகளுக்கு நேரமே இருக்காது. மார்ச்சிலிருந்து மே வரைதான் எங்களுக்குக் கிடைக்கும் காலம். பாடத்தாள், கேள்வித்தாள், தமிழ்-பர்மியச் சொற்பட்டியல், பெரியவர்கள் பாடிக் கொடுத்த தாலாட்டுப் பதிவுகள் எல்லாம் வகுப்பு மேசைக் கணினியில்தான் இருக்கின்றன.

நேற்று மின்சாரம் போய், ஜெனரேட்டர் ஓடி, மறுபடி மின்சாரம் வந்ததிலிருந்து விண்டோஸ் திறக்கவில்லை. 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று காட்டுகிறது, சுற்றுகிறது, திரை கறுக்கிறது, மறுபடி முதலிலிருந்து. பக்கத்துக் கடையில் கேட்டால், ஃபார்மட் அடித்துப் புது விண்டோஸ் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். கணினி ஓடாவிட்டாலும் பரவாயில்லை, எனக்குக் கோப்புகள் வேண்டும். தாலாட்டுப் பாடிய பாட்டிமாரில் சிலர் இப்போது உயிரோடு இல்லை.

யாங்கோன் சர்வீஸ்:
டீச்சர், ஃபார்மட்டுக்கு மட்டும் சம்மதித்துவிடாதீர்கள். விண்டோஸை மறுபடி போட்டால் பல ஜிபி புதிதாக எழுதப்படும். உங்கள் பதிவு இருந்த இடத்தில் அது விழுந்துவிட்டால் பிறகு யாராலும் எடுக்க முடியாது. கணினியைச் சரி செய்வது ஒரு வேலை, கோப்பை எடுப்பது வேறு வேலை. இரண்டாவதை முதலில் முடிப்போம்.

சில விஷயம் சொல்லுங்கள். பயாஸ் திரையில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) ஹார்டிஸ்க் பெயர் தெரிகிறதா? பெட்டியில் காதை வைத்துக் கேட்டால் 'டிக், டிக்' என்று ஒரே சீராக அடிக்கிறதா? நீலத் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி எண் கேட்கிறதா? கேட்டால் டிஸ்க், விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரில் பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அது இல்லாமல் உள்ளே போக முடியாது.

பெகு தம்பி:
அக்கா, டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸ் கட்டளை, செக்டிஸ்க், ஓட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கணினி அதிலேயே சரியாகிவிட்டது.

யாங்கோன் சர்வீஸ்:
தம்பி, டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருந்தால் செக்டிஸ்க் அதில் எழுதத் தொடங்கும், கோப்புப் பட்டியலையே மாற்றிவிடும். நகல் எடுக்கும் வரை அது வேண்டாம்.

மோல்மேன் டீச்சர்:
அண்ணே, பயாஸில் 500 ஜிபி என்று பெயரோடு தெரிகிறது. 'டிக், டிக்' சத்தம் இல்லை, நடுநடுவே இழுத்து இழுத்து ஓடுகிற மாதிரி இருக்கிறது. எண் எதுவும் கேட்கவில்லை.

யாங்கோன் சர்வீஸ்:
நல்லது, நம்பிக்கை இருக்கிறது. 'டிக், டிக்' அடித்திருந்தால் உடனே அணைக்கச் சொல்லியிருப்பேன். அது தரவு மீட்பு ஆய்வகத்துக்குப் போக வேண்டிய வேலை.

முதலில் எதுவும் வாங்காமல் செய்யக்கூடிய ஒரு வழி. ரிப்பேர் திரையில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வந்தால் அதற்குள் 'ட்ரபிள்ஷூட்', மறுபடி 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அப்புறம் 'கமாண்ட் ப்ராம்ப்ட்'. கறுப்புத் திரையில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் போய், கீழே கோப்பு வகையை 'ஆல் ஃபைல்ஸ்' ஆக்குங்கள். இப்போது அந்தச் சின்ன ஜன்னலே உங்கள் எக்ஸ்புளோரர். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி, பென்டிரைவில் பேஸ்ட். வழக்கமான சி டிரைவ் அங்கே டி என்றோ வேறு எழுத்திலோ காட்டலாம், பயப்பட வேண்டாம். பாடத்தாளைவிடத் தாலாட்டுதான் திரும்பக் கிடைக்காதது. அதிலிருந்து தொடங்குங்கள்.

மோல்மேன் டீச்சர்:
திறந்தது அண்ணே! தாலாட்டு ஃபோல்டரில் முதல் சில பதிவுகள் வந்தன. அப்புறம் ஒரு கோப்பில் நின்று போனது, திரை அசையவே இல்லை. அணைத்துவிட்டேன்.

யாங்கோன் சர்வீஸ்:
அணைத்தது சரி. அந்த இடத்தில் செக்டர் (டிஸ்க்கின் ஒரு சிறு துண்டு) கெட்டிருக்கிறது. இனி கோப்பு கோப்பாக இழுக்காமல், டிஸ்க் முழுவதையும் ஒரே பிம்பமாக, அதாவது ஒரே பெரிய கோப்பாக, நகல் எடுப்போம்.

வேறு கணினியில் 'சிஸ்டம் ரெஸ்க்யூ' என்ற லினக்ஸ் இயங்குதளத்தை இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து உங்கள் கணினியைக் கிளப்புங்கள். இது விண்டோஸைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தும் நினைவகத்திலிருந்தும் (ரேம்) ஓடும். அதில் பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற கருவி இருக்கிறது. வெளி ஹார்டிஸ்க் ஒன்று இரவல் வாங்குங்கள், அதில் 500 ஜிபிக்கு மேல் காலி இடம் வேண்டும். ஃபேட்32 வடிவில் இருக்கக் கூடாது, அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு நிற்காது. என்டிஎஃப்எஸ் என்றால் போதும்.

டிடிரெஸ்க்யூ கட்டளையில் மூன்று பெயர்கள் வரும்: எந்த டிஸ்க்கிலிருந்து, எந்தப் பிம்பக் கோப்புக்கு, எந்த மேப் கோப்பு. வரிசை மாறினால் பழைய டிஸ்க்கின் மேலேயே எழுதிவிடக்கூடும். அதனால் என்டர் தட்டும் முன் டிஸ்க்குகளைப் பட்டியலிட்டு, அளவையும் மாடலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் மின்சாரத்துக்கு இந்த மேப் கோப்புதான் உயிர். எந்த இடம் படிக்கப்பட்டது, எது பாக்கி, எது கெட்டது என்று அதில் குறித்துக்கொண்டே போகும். பாதியில் மின்சாரம் போனாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் மேப் கோப்பையும் வெளி டிஸ்க்கிலேயே வையுங்கள். நினைவகத்தில் விட்டால் மின்சாரத்தோடு அதுவும் போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். யுபிஎஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. ஜெனரேட்டர் மாறும் அந்த நொடியைத் தாங்கினாலே போதும்.

முதல் ஓட்டத்தில் சிறிய 'என்' (-n) தெரிவைச் சேருங்கள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிடும், கெட்ட இடத்தில் மல்லுக்கட்டாது. இரண்டாவது ஓட்டத்தில் அதை எடுத்துவிட்டு, மூன்று முறை மறுமுயற்சி செய்யச் சொல்லுங்கள்.

மோல்மேன் டீச்சர்:
முடிந்தது அண்ணே. நடுவில் மின்சாரம் போனது, நீங்கள் சொன்னபடியே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கோயில் தலைவர் தம் வீட்டு யுபிஎஸ்ஸைக் கொண்டுவந்து கொடுத்தார். கடைசியில் ஒரு மெகாபைட்டுக்கும் குறைவாகத்தான் படிக்கவில்லை என்று காட்டியது. பிம்பத்தை எப்படித் திறப்பது?

யாங்கோன் சர்வீஸ்:
அருமை! அதே சிஸ்டம் ரெஸ்க்யூவில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவி இருக்கிறது. டிஸ்க்குக்குப் பதில் பிம்பக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். 'அட்வான்ஸ்டு' போய், விண்டோஸ் இருந்த பகிர்வை (டிஸ்க்கின் பிரிவு) தேர்ந்து 'லிஸ்ட்' கொடுத்தால் ஃபோல்டர்கள் பழைய பெயரோடே வரும், வேண்டியதை நகலெடுக்கலாம். ஃபோட்டோரெக் என்ற இன்னொரு மீட்புக் கருவியின் பக்கம் இப்போது போகாதீர்கள். அது கோப்புகளை எடுக்கும், ஆனால் பெயர்கள் போய்விடும். எது எந்தப் பாட்டி பாடியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

மோல்மேன் டீச்சர்:
பெயரோடு வந்துவிட்டன! நின்று போன அந்தக் கோப்பும் பாடுகிறது, நடுவில் ஒரு சின்ன விக்கல் மட்டும். ஆனால் பாடத்தாள்களை அக்காவின் மடிக்கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. இவை கெட்டுவிட்டனவா?

தட்டோன் வாசகர்:
டீச்சர், எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளி நிறைய வருகிறதா? அப்படியானால் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அதில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில்தான் இருக்கிறது. கோப்பு நன்றாகவே இருக்கிறது, அந்த மடிக்கணினியில் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பிம்பத்தில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபாண்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதிலிருந்து பாமினியை எடுத்து நிறுவுங்கள். சொற்பட்டியலின் பர்மியப் பக்கம் குழம்பித் தெரிந்தால் அது ஸாஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவாக இருக்கும். 2019 அக்டோபரில் நாடு உலகப் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறும் முன் அடித்த கோப்புகளில் அது சகஜம். ஸாஜி எழுத்துருவையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். இரண்டையும் யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள்கள் இருக்கின்றன.

மோல்மேன் டீச்சர்:
அரைப்புள்ளிதான், வரிக்கு வரி! எழுத்துரு போட்டதும் 'அம்மா, ஆடு' பாடம் அப்படியே வந்துவிட்டது. உங்கள் எல்லோருக்கும் நன்றி. இப்போது பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்யக் கொடுக்கலாமா?

யாங்கோன் சர்வீஸ்:
வேண்டாம் டீச்சர். செக்டர் கெட்ட டிஸ்க்கில் மறுபடி வகுப்பு வேலையை ஏற்றாதீர்கள், கணினிக்கு வேறு டிஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பழையதைக் கழற்றிப் பெயர் எழுதி எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பதிவையும் கடைசி வரை ஓட்டிக் கேட்டு, இன்னொரு நகலை யாங்கோனிலோ பெகுவிலோ ஒருவர் வீட்டில் சேர்த்த பிறகு இரவல் டிஸ்க்கிலிருந்து பிம்பத்தை அழிக்கலாம்.

பெகு தம்பி:
அக்கா, அந்த நகலை என்னிடம் அனுப்புங்கள். எங்கள் கோயில் வகுப்புக் கணினியிலும் போட்டு வைக்கிறேன்.