சாவி கையில் இருக்க, "சாவி இல்லை" என்கிறது கார்: குறை சாவியிலா, வண்டியிலா?

கரிசல்காடு:
ஐந்து ஆண்டு ஓடிய என் பெட்ரோல் காரில் மூன்று வாரமாக ஒரு தொல்லை. கைப்பிடியில் உள்ள சிறு பொத்தானைத் தொட்டால் கதவு ஒழுங்காகத் திறக்கிறது. ஆனால் உள்ளே அமர்ந்து, பிரேக்கை மிதித்து, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் சில நேரம் மீட்டர் போர்டில் "சாவி இல்லை" என்று வருகிறது. செல்ஃப் எடுப்பதே இல்லை. சர்வீஸ் சென்டரில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, ஸ்மார்ட் கீயையே மாற்ற வேண்டும், 14,000 ரூபாய் ஆகும் என்றார்கள். சாவிக்குள் இருக்கும் செல்லை மல்டிமீட்டரில் பார்த்தேன், 2.96 வோல்ட் காட்டுகிறது. பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கருத்து தேவை.

பட்டறை:
புதுச் சாவி வேண்டாம், செல்லை மாற்றுங்கள். 2.96 வோல்ட் என்பதை நம்பாதீர்கள். சி.ஆர்.2032 போன்ற லித்தியம் செல் சும்மா இருக்கும்போது கிட்டத்தட்ட 3 வோல்ட் காட்டிக்கொண்டே இருக்கும். பழசாக ஆக அதன் உள்தடை ஏறிவிடுவதால், சாவி பதில் அனுப்பும் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிந்துவிடும். 100 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றைச் செல்லின் இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்து ஓரிரு நொடி அளந்து பாருங்கள், வோல்ட் சரிகிறதா என்ற உண்மை தெரியும். என் பட்டறைக்கு இந்தக் குறையோடு வந்த வண்டிகளில் பெரும்பாலானவை புதுச் செல்லோடுதான் திரும்பிப் போயிருக்கின்றன.

மின்பொறி:
பட்டறை ஐயா செல்லை அளக்கச் சொல்லும் முறை சரி. முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. காரும் சாவியும் இரண்டு அலைவரிசைகளில் பேசிக்கொள்கின்றன. கதவிலும் வண்டிக்குள்ளும் இருக்கும் ஆண்டெனாக்கள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு தாழ் அதிர்வெண் அழைப்பை அனுப்பும்; அது ஒன்று, ஒன்றரை மீட்டருக்கு மேல் எட்டாது. அழைப்பைக் கேட்ட சாவி விழித்துக்கொண்டு, நம் நாட்டு வண்டிகள் பலவற்றில் 433.92 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். கதவைத் திறக்கும்போது பதில் சொன்னது அதே சாவி, அதே செல். வெளியே பேசிய சாவி உள்ளே வந்ததும் ஊமையாகிறது என்றால், அழைப்பு அதன் காதுக்குப் போய்ச் சேரவில்லை என்பதே முதல் ஐயமாக இருக்க வேண்டும்.

பட்டறை:
அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, நண்பரே. கைப்பிடிக்கும் சட்டைப்பைக்கும் இடையே ஒரு முழ தூரம்கூட இருக்காது. உள்ளே ஆண்டெனா, முன் இருக்கைகளுக்கு நடுவே உள்ள கன்சோலுக்கு அடியில் இருக்கிறது. இருக்கைக்கும் உடம்புக்கும் நடுவே சாவி கிடக்கிறது. செல் நலிந்திருந்தால் கிட்டத்தில் வேலை செய்வதும் சற்றுத் தள்ளினால் தவறுவதும் இயல்புதானே? சில நூறு ரூபாய்கூட ஆகாத ஒன்றை முதலில் மாற்றுவதில் என்ன நட்டம்?

மின்பொறி:
செலவில் நட்டம் இல்லை. ஆனால் புதுச் செல் போட்ட பிறகும் கோளாறு வந்தால், "செல்லும் நன்றாக இருக்கிறது, ஆகவே சாவிதான் கெட்டது" என்று அந்த 14,000 ரூபாய்க்கு அதுவே காரணமாகிவிடும். என் கவலை அதுதான். கரிசல்காடு ஐயா, மூன்று சோதனைகள் செய்து பாருங்கள். கோளாறு வரும்போது சாவியின் முதுகை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிவைத்து அழுத்துங்கள். பல வண்டிகளில் பட்டனைச் சுற்றியுள்ள சுருளே சாவிக்குள் இருக்கும் சிறு டிரான்ஸ்பாண்டருக்கு, அதாவது சாவியின் அடையாளத்தைச் சொல்லும் சில்லுக்கு, மின்சாரம் ஊட்டும். செல்லே இல்லாவிட்டாலும் வண்டி கிளம்பும். சில வண்டிகளில் அந்த இடம் கப் ஹோல்டரிலோ ஸ்டீயரிங் தண்டின் பக்கத்திலோ இருக்கும், கையேட்டில் பாருங்கள். அடுத்து, வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியாலும் இதே கோளாறு வருகிறதா? மூன்றாவது, கோளாறு வரும் நேரத்தில் சாவி எங்கே இருக்கிறது, அதன் பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது?

கரிசல்காடு:
பட்டனோடு ஒட்டிவைத்தால் உடனே கிளம்புகிறது. இரண்டாவது சாவியிலும் அதே எச்சரிக்கை வருகிறது. சாவியைக் கியர் லிவருக்கு முன்னால் உள்ள தட்டில் வைப்பேன். சென்ற மாதம் கார் அலங்காரக் கடை ஒன்றில் வயர்லெஸ் சார்ஜர் வைத்தேன். அதுவும் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. வண்டி அணைந்திருக்கும்போதும் போன் ஏறட்டும் என்று பேட்டரியிலிருந்து நேராக லைன் கொடுத்திருக்கிறார்கள்.

மின்பொறி:
இரண்டு சாவிகளும் ஒன்றுபோலத் தவறுகின்றன என்றதுமே சாவியின் மீதிருந்த பழி பெருமளவு நீங்கிவிட்டது. போன்களுக்கான வயர்லெஸ் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 205 கிலோஹெர்ட்ஸ் வரையிலான வீச்சில் இயங்குகின்றன. காரின் 125 கிலோஹெர்ட்ஸ் அழைப்பு அந்த வீச்சுக்குள்ளேயே அடங்குகிறது. செண்டை மேளத்துக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்படிக் கேட்கும்? போனைச் சார்ஜரில் வைத்தும் எடுத்தும் மாறி மாறி முயன்று எழுதுங்கள்.

கரிசல்காடு:
நேற்று மாலை பொறுமையாக உட்கார்ந்து பார்த்தேன். சார்ஜர் மேல் போன், ஒட்டினாற்போல் சாவி: ஆறு முறையில் ஐந்து முறை எச்சரிக்கை. போனை எடுத்துவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்து இருபது முறை அழுத்தினேன், ஒருமுறைகூடத் தவறவில்லை.

பட்டறை:
சோதனை பேசுகிறது, ஒத்துக்கொள்கிறேன். செல்தான் காரணம் என்று நான் சொன்னது இந்த வண்டிக்குப் பொருந்தவில்லை. ஆனால் அந்த நேர் லைனை அப்படியே விடாதீர்கள். இரவெல்லாம் அது பெரிய பேட்டரியைச் சிறிது சிறிதாகக் குடிக்கும். 12 வோல்ட் பேட்டரி தளர்ந்தால் வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் குழம்பி, சாவி பக்கத்திலேயே இருந்தாலும் இதே எச்சரிக்கை வரக்கூடும். காலையில் கதவைத் திறந்ததும், எதையும் போடாமல் அளந்து பாருங்கள். நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும்.

கரிசல்காடு:
இன்று காலை 12.1 இருந்தது. லைனை, வண்டியை அணைத்தால் மின்சாரம் நின்றுவிடும் ஏ.சி.சி. இணைப்புக்கு, தனி ஃபியூஸ் வைத்து மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.

மின்பொறி:
அது பேட்டரியைக் காக்கும், சாவியைக் காக்காது. ஓடும் வண்டியில் சார்ஜர் இயங்கத்தான் போகிறது, ஆகவே சாவிக்கு அந்தத் தட்டு இனி வேண்டாம். போன் இருக்கும் பையிலும் போட வேண்டாம்.

பட்டறை:
ஐந்தாண்டுச் செல்லையும் மாற்றிவிடுங்கள், அதில் இப்போதும் என் பேச்சு மாறவில்லை. மாற்றும்போது செல்லின் இரு முகங்களிலும் விரல் எண்ணெய் படாமல் ஓரத்தைப் பிடித்துப் போடுங்கள். குழந்தைகள் விழுங்காதிருக்கக் கசப்புப் பூச்சு தடவி வரும் செல்கள் சில சாவிகளில் சரியாகத் தொடர்பு கொள்வதில்லை; பூச்சு இல்லாததாகக் கேட்டு வாங்கி, பழைய செல்லைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.