பத்து வரைக்கும் தமிழ், அதுக்கு மேல?

கேரளத்துல பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துல இருந்து எழுதுறேன். பத்தாவது வரை தமிழ் மீடியம். எஸ்எஸ்எல்சி ரிசல்ட் அன்னைக்கு அப்பா மரம் ஏறப் போகல, தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். ப்ளஸ் ஒன் சயன்ஸ் அலாட்மென்ட்டும் கிடைச்சுது.

புத்தகம் இங்கிலீஷ்ல, சார் விளக்குறது மலையாளத்துல. கடைக்குப் போய் வர்ற மலையாளம் எனக்கும் வரும். ஆனா நான் 'விசை'ன்னு படிச்சது அங்க 'பலம்', புத்தகத்துல 'ஃபோர்ஸ்'. 'முடுக்கம்' அங்க 'த்வரணம்'. சந்தேகம் கேக்கலாம்னு நினைச்சா, எந்த மொழியில கேக்கறதுன்னு தெரியாது. அதனால கையே தூக்கல. எங்க பள்ளிக்கூடத்துல இருந்து நாலு பேர் சேர்ந்தோம். ஓணப் பரீட்சைக்குள்ள ரெண்டு பேர் நின்னுட்டாங்க, ஒருத்தி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டா. நர்சிங் ஆசையோட போன நான், சித்தூர் அரசுக் கல்லூரியில பி.ஏ. தமிழ் முடிச்சேன். விரும்பித்தான் படிச்சேன். ஆனா வேற வழி இருந்து அதைத் தேர்ந்தெடுக்கல.

போன மாசம் பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க: "வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுல, எங்கண்ணன் பொண்ணு காலேஜ் போறா, மாசம் ஆயிரம் ரூபா வருது. நம்ம புள்ளைக்கு ஏன் அம்மிணி வரல?"

அது 2022ல தொடங்கின புதுமைப் பெண் திட்டம்க்கா, ஆறாவதுல இருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலயோ, அரசு உதவி பெறுற பள்ளியில தமிழ் வழியிலயோ படிச்சிருக்கணும்னு சொன்னேன். மருத்துவப் படிப்புக்கு 2020ல வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குத்தான். "நாமளும் தமிழ்தான, கவர்மெண்ட் ஸ்கூல்தான?"ன்னாங்க. எனக்குப் பதில் வரல. கேரளத்துல இ-கிராண்ட்ஸ் உதவித்தொகை இருக்குன்னு அவங்களுக்கு யாரும் சொல்லவே இல்ல. அடுத்த நாள் அக்ஷயா இ-சேவை மையத்துக்குக் கூட்டிட்டுப் போய், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ரெண்டுக்கும் எழுதிப் போட்டோம்.

இடுக்கி மாவட்டம், தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்ல இருந்து ஒரு பதில்:

உங்களுக்கு மொழி தடை, எங்களுக்கு வீடு. எஸ்டேட்ல வேலை இருக்கற வரைதான் லயம், அதாவது கம்பெனி தர்ற வரிசை வீடு. அம்மா ரிட்டயர் ஆகப்போற நேரம் நான் ப்ளஸ் டூ, அண்ணன் டிகிரி ரெண்டாம் வருஷம். லயத்தைக் காலி பண்ணிட்டு எங்க போறது? அண்ணன் காலேஜை விட்டுட்டு எஸ்டேட்ல பேர் பதிஞ்சு மருந்தடிக்கப் போனான். அந்தச் சம்பளத்துலதான் நான் டிகிரி முடிச்சேன். கணக்குல என்னைவிட அவன்தான் கெட்டிக்காரன். என் பட்டமளிப்பு போட்டோவை அவன்தான் சுவத்துல மாட்டினான், என்னால அன்னைக்கு அவன் முகத்தைப் பாக்க முடியல.

கொழிஞ்சாம்பாறையில இருந்து மறுபடியும்:

உங்க அண்ணனை நினைச்சு ராத்திரி தூக்கம் வரல. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல மீதியை முடிக்க முடியுமான்னு அவர்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

எங்க தெருவுல ப்ளஸ் ஒன் போற பிள்ளைகளுக்குப் பாடத்துல வர்ற வார்த்தைகளை வச்சு ஒரு நோட்டு எழுதிட்டிருக்கேன். தமிழ், மலையாளம், இங்கிலீஷ்னு மூணு பத்தி. இயற்பியல் முடிஞ்சுது. வேதியியல் பாதியில நிக்குது. அங்க சயன்ஸ் படிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, சேர்ந்து எழுதலாம். ஜூன்ல கிளாஸ் ஆரம்பிக்குது.